இரண்டு ஏஸ் வந்தும் தோற்றேன், எனக்கு ராசி இல்லையா?

கேள்வி (சுருக்கம்):

எனக்கு வயது 34. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், இப்போது இங்கிலாந்தில் லெஸ்டரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஊரில் கல்யாண வீடுகளில் ரம்மி ஆடிய பழக்கம் உண்டு. இங்கே உடன் வேலை செய்பவர்கள் கூப்பிட்டதால், செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பப்பில் நடக்கும் 5 பவுண்டு போக்கர் போட்டிக்கு நாலு வாரமாகப் போகிறேன். முதல் வாரம் இரண்டு ஏஸ் வந்தும் அரை மணி நேரத்தில் வெளியேறிவிட்டேன். இரண்டாவது வாரம் நல்ல சீட்டுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தேன், வரவே இல்லை. மூன்றாவது வாரம் நான் சிப்ஸ் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்ட வில்லைகள்) போட்ட விதம் தவறு என்று எல்லார் முன்னாலும் சொன்னார்கள், அவமானமாக இருந்தது. நாலாவது வாரம் மூன்றாம் இடம், 20 பவுண்டு பரிசு. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற சாதாரண கணக்காளர் உலகப் பட்டத்தையே வென்றாரே, நீயும் கேசினோவில் 60 பவுண்டு போட்டிக்கு வா என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்குத் திறமை இருக்கிறதா, அல்லது ராசி இல்லாதவனா? கேசினோவுக்குப் போகலாமா? இடையில் ஒரு நாள் போட்டி முடிந்த பிறகு நண்பர் வீட்டில் பணம் வைத்து ஆடியதில் 180 பவுண்டு போய்விட்டது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இன்னொன்று: சீட்டுப் போடும் முறை என்னிடம் வந்தாலே கை நடுங்குகிறது.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பதினாறு வருடமாகப் போக்கர் மேசையில்தான் என் பிழைப்பு. முதலில் சீட்டுப் போடும் டீலராக இருந்தேன், இப்போது போட்டி நடத்துகிறேன். புதிதாக ஆட வருபவர்கள் முதல் மாதத்தில் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட உங்கள் கேள்விதான். நீங்கள் ஒவ்வொரு வாரத்தையும் அது முடிந்த விதத்தை வைத்து எடை போட்டிருக்கிறீர்கள். வெளியேறிய வாரம் ராசி இல்லாத வாரம், பரிசு வாங்கிய வாரம் திறமையான வாரம் என்று. ஒவ்வொரு வாரமும் மேசையில் நடந்ததை நீங்களே விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தால் எனக்கு வேறு கணக்கு வருகிறது.

முதல் வாரத்தை எடுத்துக்கொள்வோம். பிளைண்ட் 50/100, அதாவது ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டுப் பார்க்கும் முன்பே ஒருவர் 50 (சின்ன பிளைண்ட்), அடுத்தவர் 100 (பெரிய பிளைண்ட்) கட்டாயமாக வைக்க வேண்டும். உங்களுக்கு முன்னால் மூன்று பேர் வெறும் 100 போட்டு உள்ளே வந்துவிட்டார்கள். உங்களிடம் இஸ்பேடு ஏஸும் டைமண்ட் ஏஸும். ஏற்றினால் எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்று பயந்து நீங்களும் 100 மட்டும் போட்டீர்கள். பெரிய பிளைண்ட் வைத்தவரையும் சேர்த்து ஐந்து பேர் ஃப்ளாப் (எல்லாருக்கும் பொதுவாக மேசையில் திறக்கும் முதல் மூன்று சீட்டு) பார்த்தீர்கள். 9, 7, 2 விழுந்தது. 9-7 வைத்திருந்தவருக்கு இரண்டு ஜோடி சேர்ந்துவிட, அவரிடம் உங்கள் மொத்த சிப்ஸும் போயிற்று.

இரண்டு ஏஸ் என்பது 221 ஆட்டத்துக்கு ஒரு முறை வருகிற சீட்டு. எதிரே ஒரே ஒருவர் ஏதோ ஒரு சீட்டோடு இருந்தால், கடைசி வரை போனால் 100க்கு 85 முறை நீங்கள் ஜெயிப்பீர்கள். எதிரே இரண்டு பேர் என்றால் அது 73 ஆகும். நாலு பேர் என்றால் 56. அதாவது மேசையிலேயே மிகச் சிறந்த சீட்டை வைத்துக்கொண்டு, அதைக் கிட்டத்தட்டப் பூவா தலையா போடுகிற நிலைக்கு நீங்களே இறக்கிவிட்டீர்கள். அந்த இடத்தில் 600, 700 என்று ஏற்றியிருக்க வேண்டும். பப் மேசையில் அப்போதும் ஒருவரோ இருவரோ கூட வருவார்கள், கவலை வேண்டாம். வந்தவர் 9-7 வைத்திருந்து நீங்கள் தோற்றிருந்தால், அதை ராசி என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அன்று நடந்ததை நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

இரண்டாவது வாரத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிற வாரம் அது. பிளைண்ட் அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. ஆரம்பத்தில் 10,000 சிப்ஸ். 50/100, 100/200, 200/400, 300/600, 500/1,000, 1,000/2,000 என்று கால் மணி நேரத்துக்கு ஒரு முறை ஏறுகிறது. உங்கள் திட்டமோ ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, ஏஸ்-ராஜா இவை வந்தால் மட்டும் ஆடுவது.

இந்த நாலில் ஏதாவது ஒன்று வருவது சராசரியாக 39 ஆட்டத்துக்கு ஒரு முறை. ஆட வந்தவர்களே முறை வைத்துக் கலைத்துப் போடும் மேசையில் மணிக்கு இருபது ஆட்டம் நடந்தாலே பெரிது. அப்படியானால் முதல் ஒன்றேகால் மணி நேரத்தில் நீங்கள் பார்ப்பது 25 ஆட்டம். 25 ஆட்டத்தில் இந்தச் சீட்டுகளில் ஒன்றுகூட வராமல் போக வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். நீங்கள் துரதிர்ஷ்டம் என்று எழுதியிருப்பது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எவருக்கும் நடப்பதுதான்.

அதற்குள் பிளைண்ட் என்ன ஆகிறது பாருங்கள். சும்மா உட்கார்ந்திருந்ததிலேயே சுமார் 2,200 போய், உங்களிடம் 7,800 மிச்சம் இருந்தது. ஆரம்பித்ததில் முக்கால் பங்குக்கு மேல் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள். ஆனால் பெரிய பிளைண்ட் இப்போது 2,000. மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் 3,000 காலி. ஆரம்பத்தில் நூறு பெரிய பிளைண்டோடு உட்கார்ந்தவர், இப்போது நாலுகூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த நிலையில் ஆல்-இன் போனால், அதாவது கையிலிருக்கும் சிப்ஸ் முழுவதையும் ஒரே தடவையில் வைத்தால், யாரும் பயப்படமாட்டார்கள். பெரிய பிளைண்டில் இருப்பவர் எந்தச் சீட்டோடும் அதே அளவு வைத்து எதிர்த்து வந்துவிடுவார்.

ரம்மிப் பழக்கம்தான் இங்கே உங்கள் காலை வாரிவிட்டது என்று நினைக்கிறேன். ரம்மியில் சீட்டு சரியில்லை என்றால் முதல் கையிலேயே ஸ்கூட் போடுவது, அதாவது ஆட்டத்திலிருந்து விலகுவது, புத்திசாலித்தனம். 20 பாயிண்டோடு தப்பித்தோம். அடுத்த ஆட்டத்திலும் ஸ்கூட் 20தான், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் 20தான். போக்கர் போட்டியில் காத்திருப்பதன் விலை கால் மணிக்கு ஒரு முறை ஏறிக்கொண்டே போகிறது. பப்பில் இருபது பேர், ஆளுக்கு 10,000, மொத்தம் 2,00,000 சிப்ஸ். 1,000/2,000 வந்ததும் மேசையில் இருக்கிற எல்லாருடைய சிப்ஸையும் கூட்டினாலும் நூறு பெரிய பிளைண்டுதான். பதினொரு மணிக்குள் ஆட்டத்தை முடித்துக் கதவை மூட வேண்டும் என்பதற்காகவே அட்டவணையை அப்படிப் போட்டிருக்கிறார்கள். அதில் காத்திருந்து ஜெயிக்க இடமே இல்லை.

அதனால் இனிமேல் சிப்ஸை எண்ணும்போது ஆயிரக்கணக்கில் எண்ணாதீர்கள். கையிலிருப்பதைப் பெரிய பிளைண்டால் வகுத்துப் பாருங்கள். இருபதுக்கு மேல் இருந்தால் நிதானமாக ஆடலாம். பத்துக்குக் கீழே போய்விட்டால் எனக்குத் தெரிந்து இரண்டே வழிதான்: ஆல்-இன், இல்லாவிட்டால் ஃபோல்ட் (சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது). மற்றவர் போட்டதற்குப் பின்னால் வெறுமனே கால் செய்து (ஏற்றாமல் அதே அளவு மட்டும் வைத்து) ஃப்ளாப் பார்க்கிற வேலை அப்போது வேண்டாம். ஆல்-இன் போவதானால் யாரும் உள்ளே வராதபோது முதல் ஆளாகப் போங்கள். எல்லாரும் விலகிவிட்டால் பிளைண்ட் உங்களுக்கு. யாராவது எதிர்த்து வந்தாலும் நல்ல சீட்டு விழ வாய்ப்பு இருக்கிறது. உங்களுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர்தான் பாக்கி என்றால் எந்த ஜோடியும், எந்த ஏஸும் போதும். இதைப் பத்துப் பிளைண்ட் இருக்கும்போதே செய்ய வேண்டும். நாலு பிளைண்டுக்கு வந்த பிறகு செய்தால் பலிக்காது.

மூன்றாவது வாரம். உங்களுக்கு வலித்தது தெரிகிறது. ஒருவர் 200 போட்டிருக்கிறார். நீங்கள் 1,000க்கு ஏற்றுவதாக நினைத்து ஒற்றை 1,000 சிப்பை வாய் திறக்காமல் போட்டீர்கள். 'அது வெறும் கால்' என்று சொல்லி 800 திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை. பெரிய மதிப்புள்ள ஒற்றைச் சிப்பை ஒன்றும் சொல்லாமல் போட்டால் அது கால் மட்டுமே. 2001இல் தொடங்கிய போட்டி இயக்குநர்கள் சங்கத்தின் விதிகளில் இது உண்டு. நான் நடத்தும் போட்டிகளிலும் இதேதான். அதே இரவில் ஒரு கை சிப்ஸ் வைத்துவிட்டு மறுபடி அடுக்கிலிருந்து எடுத்து வைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் கூடாது. முதல் கை சிப்ஸுக்கு எதிராளியின் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு மேலே வைக்கிறவர்கள் இருப்பதால்தான் அந்த விதி.

இரண்டுக்கும் ஒரே மருந்துதான். சிப்ஸைத் தொடும் முன் வாயால் சொல்லுங்கள்: 'ரெய்ஸ், ஆயிரம்.' சொன்ன பிறகு நிதானமாக எண்ணி வைக்கலாம், எத்தனை தடவையில் வைத்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். உங்கள் முறை வந்துவிட்டதா என்று வலப்பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அது போதும். ஒரே இரவில் முழுவதும் கற்றுக்கொள்ளக்கூடிய பகுதி இது ஒன்றுதான். உங்களைத் திருத்தியவர் இன்னும் மென்மையாகச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கும் தோன்றுகிறது. புதியவரைக் கூச வைக்கிற மேசை நல்ல மேசை இல்லை. அடுத்த வாரம் போனதும், அவரிடமே 'அந்த விதியை இன்னொரு தடவை சொல்லுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். பப்பில் பல வருடமாக ஆடுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் தனிப் பிரியம் உண்டு.

நாலாவது வாரம் மூன்றாம் இடம். மனமார வாழ்த்துகள். ஆனால் ஆறு பேர் இருக்கும்போது நீங்கள் ராஜா-8 வைத்து, எதிராளியின் ஆல்-இன்னைக் கால் செய்தீர்கள். அவரிடம் ஏஸ்-ராஜா. கடைசிச் சீட்டில் 8 விழுந்து தப்பித்தீர்கள். அந்த நிலையில் ராஜா-8 ஜெயிப்பது நாலு முறைக்கு ஒரு முறைதான். முதல் வாரம் 9-7 வைத்திருந்தவருக்கு உதவிய அதே ராசி நாலாவது வாரம் உங்களுக்கு உதவியது. அதை நீங்கள் 'துணிச்சலாக ஆடினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு செவ்வாய் இரவும் வீட்டுக்கு வந்ததும் மூன்றே ஆட்டங்களை எழுதுங்கள். உங்களிடம் எத்தனை பெரிய பிளைண்ட் இருந்தது, உங்களுக்கு முன்னால் யார் என்ன செய்தார்கள், உங்கள் சீட்டு என்ன, ஏன் அப்படி ஆடினீர்கள். ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு வாரம் கழித்து எடுத்துப் படிக்கும்போது எது நல்ல முடிவு, எது பதற்றத்தில் செய்தது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் நாலு இரவை வைத்துத் திறமை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல யாராலும் முடியாது. நானும் சொல்லமாட்டேன்.

இப்போது கேசினோ. இன்னும் பத்துச் செவ்வாய்க்கிழமை போகட்டும் என்பேன். நீங்கள் ஆடும் பப் போட்டிதான் கற்றுக்கொள்ள மிகவும் மலிவான இடம். 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டப்படி பப்பில் ஓர் ஆட்டத்துக்குத் தலைக்கு 5 பவுண்டுக்கு மேல் கட்டக்கூடாது, ஒரு நாளைக்கு மொத்தம் 100 பவுண்டைத் தாண்டக்கூடாது, பரிசும் 100க்கு மேல் போகக்கூடாது. நுழைவுக் கட்டணம் வாங்கவோ, கட்டிய பணத்தில் பப்காரர் பிடித்தம் செய்யவோ முடியாது. நீங்கள் கட்டும் 5 பவுண்டும் முழுதாகப் பரிசுக்கே போகிறது. நண்பர்கள் சொல்லும் 60 பவுண்டு, நீங்கள் எழுதியிருப்பதுபோல், 50+10. 50 பரிசுக்கு, 10 நடத்துகிறவருக்கு. அங்கே பரிசு கிடைப்பது பெரும்பாலும் எட்டு, பத்துப் பேரில் ஒருவருக்கு. நன்றாக ஆடுகிறவரே அடுத்தடுத்துப் பல வாரம் வெறுங்கையோடு திரும்புவது அங்கே வழக்கமான விஷயம். அதைத் தாங்கும் பணமும் மனமும் இருந்தால் ஒரு நாள் போய்ப் பாருங்கள். அப்படிப் போகும்போது பிளைண்ட் மெதுவாக ஏறுகிற போட்டியாகத் தேர்ந்தெடுங்கள். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஏறினால், கற்றதைப் பயன்படுத்த உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

மணிமேக்கர் கதை உண்மைதான். இணையத்தில் ஒரு சிறிய தகுதிப் போட்டி வழியாக லாஸ் வேகஸ் வந்து, 839 பேர் ஆடியதில் முதலிடம் பிடித்து 25 லட்சம் டாலர் வென்றார். அதைப் பார்த்து உலகமெங்கும் கூட்டம் கூடியது. 2006இல் அதே போட்டியில் 8,773 பேர் ஆடினார்கள். உங்கள் நண்பர்கள் அந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறார்கள். மிச்சம் 838 பேரில் எத்தனையோ பேர் நன்றாக ஆடத் தெரிந்தவர்கள்.

அடுத்து அந்த 180 பவுண்டு. கடிதத்தில் அதை இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். எனக்கு மனசில் நின்றது அதுதான். போட்டியில் உட்காரும்போதே உங்கள் நஷ்டம் எவ்வளவு என்று முடிவாகிவிடும். 5 பவுண்டு கட்டினால் 5 பவுண்டுதான் போகும், எழுந்து வந்துவிடலாம். பணம் வைத்து ஆடுகிற ஆட்டத்தில் அப்படி ஒரு கதவு இல்லை. சிப்ஸ் தீர்ந்தால் பாக்கெட்டில் கை விடலாம், பாக்கெட் தீர்ந்தால் ஏடிஎம் இருக்கிறது. அதுவும் போட்டியில் தோற்ற எரிச்சலோடு, இரண்டு பைன்ட் பீர் உள்ளே போன பிறகு, இரவு பதினொன்றரை மணிக்கு உட்கார்ந்தால் நிதானமாக ஆட யாராலும் முடியாது. என் மேசையில் நல்ல மனிதர்கள் பெரிய பணம் இழந்ததை நான் பார்த்த நேரம் எல்லாம் அந்த நேரம்தான். போட்டி முடிந்ததும் நேரே வீட்டுக்குக் கிளம்புங்கள். அந்த நண்பர் வீட்டு ஆட்டம் இப்போதைக்கு வேண்டாம்.

மனைவியிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். '5 பவுண்டு போட்டிக்குப் போகிறேன் என்று சொன்னேன், அன்றைக்கு 180 போய்விட்டது, இனி அந்த ஆட்டத்துக்குப் போகமாட்டேன்' என்று நேராகச் சொல்லுங்கள். கோபப்படுவார், படட்டும். மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை இருவரும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள். வெளியே போய் ஒரு வேளை சாப்பிட்டால் எவ்வளவு ஆகும், அந்த அளவு. அதைத் தாண்டிப் போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், அல்லது இழந்ததைப் பிடிக்கத்தான் கேசினோ யோசனையே வந்தது என்றால், சூதாட்டத்தால் சிக்கலில் இருப்பவர்களுக்கு உதவும் கேம்கேர் அமைப்பின் இலவச உதவித் தொலைபேசியில் பேசுங்கள். பெரிதாக ஏதும் நடந்த பிறகுதான் பேச வேண்டும் என்று இல்லை.

கை நடுக்கம் எல்லாருக்கும் வருவது. நான் டீலர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் சீட்டு மேசைக்கு அடியில் பறந்திருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கெட்டியான துண்டை விரித்துப் பழகுங்கள், வழவழப்பான மேசையில் சீட்டு வழுக்கும். முதலில் சீட்டுகளைக் குப்புறப் பரப்பி இரண்டு உள்ளங்கையாலும் வட்டமாகக் கலையுங்கள். ஒன்றாகச் சேர்த்து, இரண்டு பாதியாகப் பிரித்து, ஓரங்களைக் கட்டை விரலால் மெல்ல விட்டு ஒன்றுக்குள் ஒன்று கோர்த்துவிடுங்கள். இப்படி இரண்டு தடவை. பிறகு மேலிருந்து சின்னச் சின்னக் கொத்தாக எடுத்து மேசையில் அடுக்குங்கள். மறுபடி ஒரு தடவை கோர்த்து, கடைசியில் வெட்டுங்கள். முழுதும் மேசையை ஒட்டியே நடக்கட்டும். நீங்கள் ரம்மிக்குக் கலைப்பதுபோல் நெஞ்சுக்கு நேரே தூக்கிக் கலைத்தால் அடிச்சீட்டு எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். ஜோக்கர் ஒன்றை எடுத்து அடியில் வைத்துக்கொண்டால் அந்தக் கவலையும் இல்லை. ஃப்ளாப், டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) ஒவ்வொன்றுக்கும் முன்னால் மேல் சீட்டு ஒன்றைக் குப்புற ஒதுக்க மறக்காதீர்கள். தினமும் பத்து நிமிடம் பழகினால் இரண்டு வாரத்தில் கை படிந்துவிடும். மனைவிக்கும் ரம்மி தெரியும் என்று எழுதியிருக்கிறீர்களே, அவரை எதிரே உட்காரச் சொல்லி, அடிச்சீட்டு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.